தன் உத்தரவையே மறந்த பாதுஷா

1616-ஆம் ஆண்டு. மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் அப்போது அஜ்மீரில் தங்கி தர்பார் நடத்தி வந்தார்.

ஒருநாள் இரவு விருந்து நடந்தது. பேரரசர் நல்ல குஷியில் இருந்தார். வந்திருந்த பிரபுக்களும் மது அருந்தட்டும் என்று அவரே உத்தரவு போட்டார். எல்லோரும் குடித்தார்கள்.

பிறகு ஒரு சமயம் தர்பாரில் யாரோ ஒருவர் அந்த இரவைப் பற்றி வாய்தவறிப் பேசிவிட்டார். பேரரசரின் முகம் மாறியது. குடிப்பதற்கு அனுமதி கொடுத்தது யார் என்று கேட்டார். தாங்கள்தான் என்று சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. அதிகாரி ஒருவர் மீது பழி விழுந்தது.

குடித்தவர்கள் வரிசையாக அழைக்கப்பட்டனர். சிலருக்கு அபராதம். சிலருக்குக் கசையடி. அடி வாங்கியவர்களில் ஒருவர் பிழைக்கவில்லை.

இதைக் குறித்து வைத்தவர், அப்போது அங்கே இருந்த இங்கிலாந்து நாட்டுத் தூதர் சர் தாமஸ் ரோ. பேரரசருக்குத் தம் உத்தரவு அடியோடு மறந்துபோய்விட்டது என்கிறார் அவர்.

பேரரசர் நடித்தாரா? இல்லை என்றே தோன்றுகிறது. சம்பள நாள் இரவில் ஊரைக் கூட்டிச் சண்டை போட்டுவிட்டு, மறுநாள் நானா அப்படிச் செய்தேன் என்று கேட்கும் ஆட்களை நாமும் பார்த்திருக்கிறோம். சாராயம் ரத்தத்தில் வேகமாக ஏறும்போது, மூளையில் புது நினைவுகளைப் பதிவு செய்யும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி வேலை செய்யாமல் நின்றுவிடுகிறது. ஆள் விழித்திருப்பார். பேசுவார். உத்தரவும் போடுவார். ஆனால் ஒன்றும் உள்ளே பதியாது. டேப் ரிக்கார்டர் சுற்றுகிறது, பதிவுப் பொத்தானை மட்டும் யாரும் அழுத்தவில்லை என்பது போன்ற நிலை. பதியாததை எத்தனை யோசித்தாலும் நினைவுக்குக் கொண்டுவர முடியாது.

முதல் கிண்ணம்

ஜஹாங்கீர் 1569 ஆகஸ்டு 31-ந்தேதி பதேபூர் சிக்ரியில் பிறந்தார். இயற்பெயர் சலீம். அக்பர் தவமிருந்து பெற்ற பிள்ளை. ஷேக் சலீம் சிஷ்டி என்ற மகானின் ஆசியால் பிறந்ததாகக் கருதி அந்தப் பெயரை வைத்தார்.

பதினெட்டு வயது வரை அவர் மது குடித்ததில்லை. குழந்தையாக இருந்தபோது மருந்தாகக் கொஞ்சம் கொடுத்ததோடு சரி. அக்பரின் படை சிந்து நதிக்கரையில் அட்டோக் அருகே முகாமிட்டிருந்தது. சலீம் வேட்டைக்குப் போய்க் களைத்துத் திரும்பினார். ஒரு கிண்ணம் குடித்தால் அலுப்புத் தீரும் என்று ஒரு பீரங்கிக்காரர் யோசனை சொன்னார். வைத்தியர் வீட்டிலிருந்து ஒரு சின்னப் புட்டியில் மஞ்சள் நிறத் திராட்சை மது வந்தது. இனிப்பாக இருந்தது. ஒன்றரைக் கிண்ணம். அவ்வளவுதான்.

உடம்பு வலிக்கு என்றுதான் அநேகமாக எல்லோரும் தொடங்குகிறார்கள்.

ஒன்பது வருடத்தில் கதை எங்கே போய் நின்றது தெரியுமா? திராட்சை மது அவருக்கு ஏறவே இல்லை. இரண்டு தடவை காய்ச்சி வடித்த அராக்குக்கு மாறினார். பகலில் பதினான்கு கிண்ணம். இரவில் ஆறு கிண்ணம். ஆக மொத்தம் இருபது! சாப்பாடு என்று பார்த்தால் ஒரு கோழி, ரொட்டி, முள்ளங்கி. கை நடுங்கியது. கிண்ணத்தைத் தாமே பிடிக்க முடியாமல் மற்றவர் பிடித்துக் குடிப்பாட்ட வேண்டியதாயிற்று.

இத்தனையும் எதிரிகள் கட்டிவிட்ட கதை அல்ல. ஜஹாங்கீரே தம் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியவை. அந்த ஒரு விஷயத்தில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஹக்கீம் ஹுமாம் என்ற வைத்தியர் துணிந்து சொன்னார்: இப்படியே போனால் ஆறு மாதத்தில் மருந்தே இல்லாத நிலை வந்துவிடும் என்று. இளவரசர் பயந்துபோனார். ஏழு வருடம் பாடுபட்டு இருபது கிண்ணத்தை ஆறு கிண்ணமாகக் குறைத்தார். இரவில் மட்டும் குடித்தார். ஆனால் குறைத்த இடத்தை வேறொன்று பிடித்துக்கொண்டது. அது அபின்.

நாற்பத்தாறு வயதில் அவர் எடுத்த அளவு, பகலில் எட்டுக் குன்றிமணி எடை, இரவில் ஆறு குன்றிமணி எடை.

இரண்டு தம்பிகள்

இத்தனைக்கும் கண்முன்னே பாடம் இருந்தது. தம்பி முராத் 1599-ல் குடியினால் இறந்தார். அடுத்த தம்பி தானியாலுக்கு மது போகாமல் அக்பர் காவல் போட்டார். துப்பாக்கிக் குழலில் அராக்கை ஊற்றி உள்ளே கடத்தினார்கள். குழலின் துருவும் மருந்துக் கசடும் கலந்த அந்தச் சாராயத்தைக் குடித்து, 1605-ல் அவரும் போனார். பின்னாளில் ஜஹாங்கீரின் மகன் பர்வேஸும் 1626-ல் அதே வழியில் போனார்.

தந்தையை எதிர்த்துக் கலகம் செய்த சலீமை 1604-ல் அக்பர் சில நாள் அடைத்து வைத்தார். மதுவும் அபினும் நிறுத்தப்பட்டன. பழகிய உடம்புக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

1605-ல் பட்டத்துக்கு வந்ததும் பன்னிரண்டு கட்டளைகள் பிறப்பித்தார். மது வடிக்கவோ விற்கவோ கூடாது என்பது அதில் ஒன்று! போட்டவர் கையில் கிண்ணம். பிறகு, மதுக்கிண்ணம் ஏந்திய தம் உருவத்தையே பொற்காசில் பொறித்தார். இரவில் அவரைக் காணவரும் ஆளின் வாயில் மது வாடை அடித்தால் காவலர் உள்ளே விடமாட்டார்கள்.

அழுகையும் ஆத்திரமும்

மது மூளையின் முன்பகுதியைத் தளர்த்துகிறது. மனதுக்குக் கடிவாளம் போடும் இடம் அது. கடிவாளம் தளர்ந்தால் அன்பு வெள்ளமாக வரும். அழுகையும் வரும். கோபமும் வரும். ஒருநாள் இரவு ஜஹாங்கீர் குடித்தபடி மூன்று மதங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார். எல்லா மதத்தாரும் தம் ஆட்சியில் நிம்மதியாக வாழலாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு கண்ணீர் விட்டு அழுதார். நள்ளிரவு வரை யாரையும் போகவிடவில்லை. இன்னொரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே உறங்கிவிட்டார். உடனே விளக்குகளை அணைத்துவிட்டார்கள். தூதர் ரோ இருட்டில் தடவித் தடவி வெளியே வந்தார்.

அபினின் வேலை வேறு. அது உடம்பு வலியோடு மனவலியையும் மரத்துப்போகச் செய்யும். நாளாவட்டத்தில் மற்றவர் துன்பமும் மனதில் தைக்காமல் போகலாம்.

1618-ல் இனாயத் கான் என்ற அரண்மனை ஊழியர் அபினாலும் மதுவாலும் எலும்பும் தோலுமாகிச் சாகக் கிடந்தார். ஜஹாங்கீர் அவரைப் பல்லக்கில் கொண்டுவரச் செய்தார். இப்படியும் ஒரு மனித உருவமா என்று வியந்து, ஓவியர்களைக் கூப்பிட்டு வரையச் சொன்னார்! இரண்டாயிரம் ரூபாயும் கொடுத்தார். மறுநாள் இனாயத் கான் இறந்தார். அந்த ஓவியம் இன்றும் ஆக்ஸ்போர்டில் இருக்கிறது. பார்த்தவர்களால் எளிதில் மறக்க முடியாது. அதே அபின்தான் தம் வயிற்றிலும் என்று பேரரசர் நினைத்ததாகத் தெரியவில்லை.

ஆட்சியின் முற்பகுதியில் ஒரு வேட்டை. ஒரு நீல்காய் துப்பாக்கிக்கு எட்டும் தூரத்தில் நின்றது. அந்நேரம் பார்த்து ஒரு குதிரைக்காரனும் இரண்டு பல்லக்குத் தூக்கிகளும் குறுக்கே வந்தார்கள். மிருகம் ஓடிவிட்டது. குதிரைக்காரனை அங்கேயே கொல்லச் சொன்னார். மற்ற இருவரின் குதிகால் நரம்பை வெட்டச் சொன்னார்.

எல்லாக் கொடுமைக்கும் போதைதான் காரணம் என்று தள்ளிவிடுவது சரியல்ல. கலகம் செய்த மகன் குஸ்ருவின் ஆட்களைக் கழுவில் ஏற்றியது அக்கால அரசியல். இதே மனிதர் நாரைகள் முட்டையிட்டு அடைகாப்பதைப் பொறுமையாகக் கவனித்து எழுதியவர். மன்சூர் போன்ற ஓவியர்களை வளர்த்தவர். தெளிவாக இருந்த வேளைகளும் அவருக்கு இருந்தன.

1611-ல் மணந்த நூர்ஜஹான்தான் கடைசியில் ஓரளவு கட்டுப்படுத்தினார். 1621-ல் மூச்சுத்திணறல் முற்றியபோது, வைத்தியர்கள் கைவிட்ட நிலையில், கிண்ணத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்தது அவர்தான். அடுத்த ஆண்டிலிருந்து பேரரசரால் சுயசரிதையைக்கூடத் தாமே எழுத முடியவில்லை. வேறொருவர் எழுதினார்.

கடைசி வேட்டை

1627-ல் காஷ்மீரில் உடல்நிலை மோசமாயிற்று. நாற்பது வருடமாக உடன் இருந்த அபின் திடீரென்று அவருக்கே பிடிக்காமல் போய்விட்டது. சாப்பாடும் இறங்கவில்லை. சில கிண்ணம் திராட்சை மது மட்டும்.

லாகூருக்குத் திரும்பும் வழியில் பைராம்கலா என்ற இடத்தில் வேட்டை. மலைச்சரிவில் மான்களை விரட்டி வந்தார்கள். அவர் சுட்ட மானைப் பிடிக்கப் போன காலாள் ஒருவன் கால் வழுக்கி, பாறையிலிருந்து விழுந்து அவர் கண்ணெதிரே செத்தான்.

ஜஹாங்கீர் நிலைகுலைந்து போனார். எமனையே நேரில் பார்த்ததுபோல் இருந்ததாம். அவனுடைய தாய் கதறிக்கொண்டு வந்தாள். ஆறுதல் சொல்லிப் பணம் கொடுத்தார். ஆனாலும் அவர் மனம் அமைதி அடையவில்லை.

அங்கிருந்து ராஜோரிக்கு வந்தார்கள். வழியில் ஒரு கிண்ணம் மது கேட்டார். உதட்டருகே கொண்டுபோனார்கள். விழுங்க முடியவில்லை. 1627 அக்டோபர் 28-ந்தேதி உயிர் பிரிந்தது.