கணக்குக் கேட்ட பெருமகன்: ஜாக்கோமோ மத்தேயோத்தி

அரசனுடைய பிழையை எடுத்துக்காட்டி இடித்துரைக்கும் பெரியோர் அவனருகே இருத்தல் வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த அரசியல் நெறி. முடியாட்சி நீங்கிக் குடியாட்சி மலர்ந்த காலத்தில் இக்கடமை பாராளுமன்றத்து எதிர்க்கட்சியினரைச் சார்ந்ததாயிற்று. அதனை அஞ்சாது ஆற்றி, அதற்கு விலையாகத் தம் உயிரையே ஈந்தவர் இத்தாலிய தேசத்துப் பெருமகனாகிய ஜாக்கோமோ மத்தேயோத்தி. அவர் வெறும் நாவன்மையால் புகழ் பெற்றவரல்லர். ஊரும் நாளும் தொகையும் எடுத்துக்கூறி, ஆள்வோரிடம் கணக்குக் கேட்டவர். கேட்ட கணக்கிற்கு விடை பகர இயலாதவர்கள் கேட்டவரையே ஒழித்துவிட்டனர்.

இத்தாலியின் வடபகுதியில், போ என்னும் பேராற்றின் கழிமுகத்தை அடுத்துள்ளது பொலேசினே என்னும் தாழ்நிலப் பிரதேசம். வெள்ளமும் வறுமையும் அங்கே வாழ்ந்த கூலி உழவர்க்குப் பழகிப்போன துன்பங்கள். அப்பிரதேசத்தின் பிராத்தா பொலேசினே என்னும் சிற்றூரில் 1885 ஆம் ஆண்டு மே மாதம் 22 ஆம் திகதி மத்தேயோத்தி பிறந்தார். தந்தையார் உலோகப் பண்ட வாணிகத்தால் பொருளீட்டி நிலபுலன் சேர்த்தவர். செல்வக் குடியிற் பிறந்த மைந்தர் வறியவர் பக்கம் நின்றமை அவ்வூர் நிலக்கிழார்க்குப் பெரும் குற்றமாகப் பட்டது. அவரைத் தம் வகுப்பிற்குத் துரோகம் இழைத்தவராகவே அவர்கள் கருதினர். அவருடைய சகோதரர் இருவரும் இளமையிலேயே காசநோய்க்கு இரையாயினர்.

1907 ஆம் ஆண்டில் பொலோஞ்ஞாப் பல்கலைக்கழகத்திற் சட்டப் பட்டம் பெற்ற மத்தேயோத்தி, குற்றவியற் சட்ட ஆராய்ச்சியில் ஈடுபட்டார். எனினும் ஏடுகளோடு அமைந்துவிட அவர் மனம் ஒப்பவில்லை. சமதர்மக் கட்சியிற் சேர்ந்து, தம் மாவட்டத்தின் உள்ளூராட்சி மன்றங்களிற் பணியாற்றினார். பாடசாலை, வீதி, வரி, உழவர் கூலி என்பவை பற்றிய வரவு செலவு ஏடுகளை வரி வரியாகப் படித்துத் தேர்ந்தார். பின்னாளில் பேரரசொன்றை நடுங்கவைத்த அவரது ஆயுதம் இவ்வாறு சிற்றூர்க் கணக்கேடுகளிலேயே தீட்டப்பட்டது.

முதலாவது உலக மகாயுத்தத்தில் இத்தாலி புகுவதை அவர் எதிர்த்தார். மாவட்ட மன்றத்தில் யுத்தத்தைக் கண்டித்துப் பேசியமைக்காக வழக்குத் தொடரப்பட்டதுடன், படையிற் சேர்க்கப்பட்டுத் தொலைவிலுள்ள சிசிலித் தீவுக்கும் அனுப்பப்பட்டார். அவ்வாண்டிலேதான், அதாவது 1916 இல், வேலியா தித்தா என்னும் நங்கையை அவர் மணந்திருந்தார். உலகப் புகழ்பெற்ற பாடகராகிய தித்தா ரூபோவின் சகோதரி இவ்வம்மையார். இல்லறத்தின் தொடக்கமே பிரிவாயிற்று. பின்னர் அவர்களுக்கு மக்கள் மூவர் பிறந்தனர்.

1919 ஆம் ஆண்டுத் தேர்தலில் மத்தேயோத்தி பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவானார். நிதித்துறையில் அவருக்கிருந்த தேர்ச்சியைச் சபை விரைவிலேயே உணர்ந்தது. அதே வேளையில் நாட்டில் ஒரு புதிய இருள் சூழலாயிற்று. பெனிற்றோ முசோலினியின் கருஞ்சட்டைப் படையினர், நிலக்கிழாரின் பொருளுதவியோடு, உழவர் சங்கங்களையும் கூட்டுறவு நிலையங்களையும் தீக்கிரையாக்கினர். பொலேசினே மாவட்டம் இக்கொடுமைக்கு முதலில் இலக்கான இடங்களுள் ஒன்று. 1921 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் காஸ்தெல்குலியெல்மோ என்னும் ஊரிலே மத்தேயோத்தியை இப்படையினர் பிடித்து, வண்டியிலேற்றிச் சென்று, பல மணி நேரம் துன்புறுத்தி, இரவில் வழியோரத்தில் விட்டுச் சென்றனர். அதன்பின் சொந்த மாவட்டத்தில் நிம்மதியாகக் கால் வைக்கவும் அவரால் இயலாது போயிற்று. பிறந்த மண்ணை இழந்தும் அவர் பேச்சை நிறுத்தவில்லை.

1922 ஆம் ஆண்டு ஒக்டோபரில் சமதர்மக் கட்சி பிளவுபட்டது. மிதவாதிகள் அமைத்த ஐக்கிய சமதர்மக் கட்சிக்கு மத்தேயோத்தி செயலாளரானார். அதே மாத இறுதியில் கருஞ்சட்டையினர் ரோமாபுரியை நோக்கி அணிவகுத்தனர். மன்னர் மூன்றாம் விக்தோர் எம்மானுவேல் முசோலினியைப் பிரதம மந்திரியாக்கினார். அடுத்த ஆண்டில் ஒரு விசித்திரமான தேர்தற் சட்டம் நிறைவேறியது. நாடெங்கும் அளிக்கப்பட்ட வாக்குகளில் நாலிலொரு பங்கையேனும் பெற்று முதலிடத்தில் நிற்கும் பட்டியலுக்குச் சபையின் ஆசனங்களில் மூன்றிலிரண்டு பங்கு போய்ச் சேரும் என்பது அச்சட்டத்தின் சாரம். பெரும்பான்மையை மக்கள் தருவதற்குப் பதிலாகச் சட்டமே தந்தது.

1924 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மத்தேயோத்தி ஒரு நூலை வெளியிட்டார். பாசிஸ ஆதிக்கத்தின் ஓராண்டு என்பது அதன் பொருள். அரசாங்கம் தன் நிதி நிர்வாகத்தைப் பற்றிப் பறைசாற்றிய பெருமைகளை, அரசாங்கத்தின் எண்களைக் கொண்டே அவர் அந்நூலிற் சோதித்தார். அத்துடன் நாடெங்கும் நிகழ்ந்த அடிதடி, தீவைப்பு, கொலை ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நிரல்படுத்தினார். கடுஞ்சொற்கள் நிறைந்த நூலன்று அது, வெறும் பட்டியல். ஆயினும் அப்பட்டியலை மறுப்பது எளிதாக இருக்கவில்லை.

ஏப்பிரல் 6 ஆம் திகதி தேர்தல் நடைபெற்றது. ஆளுங்கட்சிப் பட்டியல் மொத்த வாக்குகளில் ஏறத்தாழ 65 வீதத்தைப் பெற்று, 535 ஆசனங்களில் 374 ஐக் கைப்பற்றியது. புதிய சபை மே மாதத்திற் கூடியபோது, பெரும்பான்மையினரின் தெரிவுகளை ஒட்டுமொத்தமாக அங்கீகரிக்கும்படி முன்மொழியப்பட்டது. அந்நாள் மே மாதம் 30 ஆம் திகதி. மத்தேயோத்தி எழுந்தார்.

தேர்தலின் முடிவு எதுவாயினும் ஆட்சியைக் கைவிடப் போவதில்லை என அரசாங்கம் முன்னரே அறிவித்திருந்ததை அவர் முதலிற் சுட்டிக்காட்டினார். அவ்வாறாயின் எந்த வாக்காளன் சுதந்திரமாக வாக்களித்தான் எனக் கேட்டார். ஒரு கட்சியின் ஆயுதப் படை அரசாங்கச் செலவில் நாடெங்கும் நிற்க நடந்த தேர்தல் அது என்றார். வேட்புமனுவுக்குக் கையொப்பம் திரட்டியவர்கள் எங்கெங்கே தாக்கப்பட்டனர், எவ்வெவ் வேட்பாளரின் கூட்டங்கள் தடுக்கப்பட்டன என்பவற்றை விபரித்தார். அந்தோனியோ பிச்சினீனி என்னும் வேட்பாளர் கொலையுண்டதை நினைவூட்டினார். போ ஆற்றுச் சமவெளியில் வாக்குரிமையின் இரகசியம் அழிக்கப்பட்ட தந்திரத்தையும் வெளிப்படுத்தினார். வாக்காளன் தான் விரும்பும் வேட்பாளர் மூவரைக் குறிக்கலாம் என்பது விதி. எந்த மூவரை எந்த வரிசையிற் குறிக்க வேண்டும் என ஒவ்வொரு தொகுதியினருக்கும் வெவ்வேறு கட்டளை இடப்பட்டது. எண்ணும்போது அவ்வரிசையைக் கொண்டே கட்டளைக்குப் பணிந்தவர் யார், பணியாதவர் யார் என்று கண்டுகொள்ள முடிந்தது.

ஆளுங்கட்சி ஆசனங்களிலிருந்து கூச்சலும் வசைமொழியும் பயமுறுத்தலும் அலையலையாக எழுந்தன. ஒவ்வொரு வாக்கியமும் இடைமறிக்கப்பட்டது. அவரோ கூச்சல் அடங்கும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார். இவ்வாறு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நின்றார். அவரது கோரிக்கைக்குச் சார்பாக 57 வாக்குகளும் எதிராக 285 வாக்குகளும் கிடைத்தன. 42 பேர் வாக்களிக்காது ஒதுங்கினர். கோரிக்கை தோற்றது, ஆனால் குற்றச்சாட்டு நாட்டின் பதிவேட்டில் ஏறிவிட்டது. தமக்கு நேரப்போவதை அவர் அறியாதவரல்லர். பேச்சு முடிந்ததும், தம் ஈமச் சடங்கில் ஆற்ற வேண்டிய உரையை ஆயத்தம் செய்யுமாறு தோழர்களிடம் புன்னகையோடு கூறினார் என்பர்.

ஜூன் 10 ஆம் திகதி பிற்பகல், மத்தேயோத்தி தம் இல்லத்திலிருந்து புறப்பட்டு, தைபர் நதிக் கரையோரமாகச் சபையை நோக்கி நடந்தார். அடுத்த நாளும் சபையிற் பேச அவர் ஆயத்தமாயிருந்தார்; இம்முறை பொருள் அரசாங்கத்தின் நிதி. வழியிற் காத்திருந்த ஐவர் அவரைப் பற்றி மோட்டார் வண்டியினுள் திணித்தனர். போராடிய அவரை வண்டியினுள்ளேயே குத்திக் கொன்றனர். அவருக்கு அப்போது வயது 39. வண்டியின் இலக்கத்தைக் குறித்துக்கொண்ட அயலவரின் சாட்சியால் உண்மை துலங்கலாயிற்று. பாசிஸ ஆதரவுப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் பெற்றுக்கொடுத்த வண்டி அது. கொலைஞரின் தலைவனாகிய அமெரிகோ தூமினி, பிரதம மந்திரியின் பத்திரிகைப் பகுதித் தலைவரோடு நெருங்கிய தொடர்புடையவன். ஆகஸ்ட் 16 ஆம் திகதி ரோமாபுரிக்கு வெளியே, ரியானோ என்னும் ஊரையடுத்த காட்டில் சடலம் கண்டெடுக்கப்பட்டது. கணவரின் உடலோடு செல்லும் புகைவண்டியிற் கருஞ்சட்டையினர் எவரும் வரலாகாது என அவ்வம்மையார் கேட்டுக்கொண்டார்.

நாடு கொதித்தது. முசோலினியின் ஆட்சி ஆட்டங்கண்டது. எதிர்க்கட்சியினர் அறநெறியை எண்ணிச் சபையைவிட்டு வெளியேறினர். பண்டைய ரோமாபுரியிற் பொதுமக்கள் அவந்தீன் குன்றிற்குப் பிரிந்து சென்றதை நினைந்து, அவர்களின் வெளிநடப்பும் அப்பெயராலேயே வழங்கலாயிற்று. மன்னர் தலையிடுவார் என அவர்கள் நம்பினர். மன்னர் அசையவில்லை. மாதங்கள் கழிந்தன, கொதிப்பு ஆறியது. 1925 ஆம் ஆண்டு ஜனவரி 3 ஆம் திகதி முசோலினி சபையிலே தோன்றி, நடந்தவற்றுக்கெல்லாம் தாமே பொறுப்பென மார்தட்டி, இயலுமாயின் தம்மைக் குற்றஞ்சாட்டும்படி சவால் விடுத்தார். ஒருவரும் எழவில்லை. எழுந்திருக்க வேண்டியவர்களில் மிகப் பலர் மண்டபத்திற்கு வெளியே இருந்தனர். அவர்களது நோக்கம் தூயதே. ஆயினும், எத்துணைக் கூச்சலிடையேயும் தம் இடத்தைவிட்டு நகராத ஒருவரின் பெயரால் அவர்கள் அவ்விடத்தை விட்டு நீங்கியமை வரலாற்றின் பெருந்துயரங்களுள் ஒன்று. 1926 ஆம் ஆண்டு நவம்பரில் அவர்களுடைய பதவிகளும் பறிக்கப்பட்டன.

கொலையை விசாரித்த நேர்மையான நீதிபதிகள் வழக்கிலிருந்து அகற்றப்பட்டனர். 1926 இல் நடந்த வழக்கில் மூவருக்கு ஆறாண்டுக்குட்பட்ட தண்டனையே கிடைத்தது. அதிலும் பெரும்பகுதி மன்னிக்கப்பட்டது. வேலியா அம்மையார் பொலிசாரின் கண்காணிப்பிலேயே வாழ்ந்து 1938 இல் மறைந்தார். பாசிஸம் வீழ்ந்தபின், 1947 இல், வழக்கு மீண்டும் நடந்து, தூமினி உள்ளிட்ட மூவர் கடுந்தண்டனை பெற்றனர். முசோலினியே நேரிற் கட்டளையிட்டாரா என்பதை வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஆராய்ந்து வருகின்றனர்.

2024 ஆம் ஆண்டில், அப்பேச்சின் நூறாண்டு நிறைவின்போது, மத்தேயோத்தி இறுதியாகப் பேசிய ஆசனம் இனி எந்தப் பிரதிநிதிக்கும் ஒதுக்கப்படாது என இத்தாலியப் பிரதிநிதிகள் சபை அறிவித்தது. வெறுமையாகவுள்ள அவ்வாசனம் அவருக்குரிய மரியாதை. ஆனால் அவருக்கு நாம் செய்யத்தக்க பெரு மரியாதை வேறொன்றுண்டு. எந்நாட்டுப் பாராளுமன்றத்திலும், பெரும்பான்மையின் ஆரவாரத்திற்கிடையே சிறுபான்மையிலுள்ள ஒருவர் ஏட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கணக்குக் கேட்க எழும்போது, அவருக்குச் செவிசாய்த்தலே அது. அவர் கேட்பது தமக்காக அன்று; வாக்களித்த மக்களுக்காக.