பின்வரிசையில் நிற்க மறுத்த சிறுமி

நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதி. 1933-ம் ஆண்டு. அங்கிருந்த யூத ஜெப ஆலயத்துக்குத் தினந்தோறும் காலையில், பள்ளிக்கூடம் போகுமுன், 13 வயதுச் சிறுமி ஒருத்தி வருவாள். இறந்துபோன தன் தகப்பனாருக்காகப் பிரார்த்தனை செய்வாள்.

அந்தப் பிரார்த்தனைக்குக் கதீஷ் என்று பெயர். அதை ஓதுவது மகனின் கடமை. பழைய வழக்கப்படி மகளுக்கு அந்த உரிமை கிடையாது. ஆனால் அந்த வீட்டில் ஆண் பிள்ளை இல்லை, இரண்டும் பெண்கள். ஆலயத்தில் பெண்களுக்கென்று திரை மறைவில் தனி இடம் இருந்தது. சிறுமியோ அங்கே போகவில்லை. சுற்றியிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் யாரும் தடுக்கவில்லை. ஏறக்குறைய ஓராண்டு விடாமல் வந்து ஓதி முடித்தாள்.

அந்தச் சிறுமிதான் பிற்காலத்தில் அமெரிக்காவையே கலக்கிய பெல்லா அப்சுக் அம்மையார்.

தொப்பி வந்த கதை

பெல்லா பிறந்தது 1920 ஜூலை 24-ந்தேதி. அடுத்த மாதமே அமெரிக்கப் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. பெற்றோர் ருஷ்யாவிலிருந்து குடியேறிய யூதர்கள். தகப்பனார் இறைச்சிக் கடை வைத்திருந்தார். கடைக்கு அவர் சூட்டிய பெயர், வாழு வாழவிடு என்பது!

பெல்லா வக்கீலாக விரும்பினார். ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் அப்போது பெண்களைச் சேர்ப்பதில்லை. ஆகவே கொலம்பியாவில் படித்துத் தேறினார். வக்கீல் ஆன பிறகும் தொல்லை தீரவில்லை. வருகிறவர்கள் அவரைக் குமாஸ்தா என்று எண்ணிக் காப்பி கொண்டுவரச் சொன்னார்கள். வக்கீல் என்று தெரியவேண்டுமே என்று பெரிய தொப்பி அணியத் தொடங்கினார். கடைசிவரை அதுவே அவருடைய அடையாளமாயிற்று.

பஸ் நிலையத்தில் ஓர் இரவு

மிசிசிப்பி மாநிலத்தில் வில்லி மெக்கீ என்ற கறுப்பருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. வெள்ளைக்காரப் பெண்ணைக் கற்பழித்ததாகக் குற்றச்சாட்டு. விசாரித்த ஜூரிகள் அனைவரும் வெள்ளையர். கர்ப்பிணியாக இருந்த பெல்லா, அவருக்காக வாதாடப் புறப்பட்டார். எந்த ஓட்டலிலும் இடம் தர மறுத்துவிட்டார்கள். பஸ் நிலையத்திலேயே இரவைக் கழித்தார். எவ்வளவோ போராடியும், 1951-ல் மெக்கீயின் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அந்தத் தோல்வியில் அவர் துவண்டுவிடவில்லை. 1970-ல், 50-வது வயதில், அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பதவி ஏற்ற முதல் நாளே வியட்நாமிலிருந்து படைகளைத் திருப்பி அழைக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். அந்நாளில் புருஷன் கையெழுத்து இல்லாமல் பெண்ணுக்குக் கடன் கொடுக்கப் பல பாங்குகள் மறுத்துவந்தன. அதற்கு முடிவு கட்டிய 1974-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பாடுபட்டவர்களில் பெல்லாவும் ஒருவர்.

பஸ்கா இரவு

யூதர்களின் பெரும் பண்டிகை பஸ்கா. எகிப்தில் அடிமைகளாக இருந்த முன்னோர்கள் விடுதலை பெற்றதை நினைத்துக் கொண்டாடுவது. அன்றிரவு குடும்பம் கூடி, புளிப்பில்லாத அப்பமும் கசப்புக் கீரையும் உண்டு, விடுதலைக் கதையைப் படிப்பார்கள்.

அந்நாளில் வீட்டைத் துடைத்துக் கழுவியதும், நாள் கணக்கில் சமைத்ததும் பெண்கள். தலைமை ஏற்றுக் கதை சொன்னது ஆண்கள். அந்தப் பழைய நூலில் நான்கு மகன்கள் வருகிறார்கள்; மகள் ஒருத்திகூட இல்லை. விடுதலையைக் கொண்டாடும் இரவிலும் பெண்களுக்கு அடுப்படியிலிருந்து விடுதலை கிடைக்கவில்லை!

எஸ்தர் புரோனர் என்ற எழுத்தாளர், நவோமி நிம்ரோத் என்பவருடன் சேர்ந்து, பெண்களுக்கென்றே பஸ்கா நூல் ஒன்றை எழுதினார். மோசேயின் சகோதரி மிரியாம் அதில் முக்கிய இடம் பெற்றாள். 1976-ல் நியூயார்க்கில் பெண்கள் மட்டும் கூடிப் பஸ்கா கொண்டாடினார்கள். தரையில் தலையணைகளைப் போட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவரும் தாயின் பெயரையும் பாட்டியின் பெயரையும் சொல்லித் தம்மை அறிமுகம் செய்துகொண்டார்கள். ஆண்டுதோறும் நடந்த அந்தக் கூட்டங்களில் பெல்லாவும் இடம்பெற்றார். ஜெப ஆலயத்தில் தனியாக நின்ற சிறுமிக்கு இப்போது துணைக்கு ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது.

அதே 1976-ல் செனட் சபைக்குப் போட்டியிட விரும்பினார். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், மிகக் குறைந்த ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். அதன் பின் தேர்ந்தெடுக்கப்படும் பதவி எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் 1977-ல் ஹூஸ்டனில் நடந்த தேசியப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். 1995-ல் பீஜிங் நகரில் நடந்த உலகப் பெண்கள் மாநாட்டுக்கும் சென்றுவந்தார்.

1998 மார்ச் 31-ந்தேதி, 77-வது வயதில், பெல்லா காலமானார். பஸ்கா பண்டிகைக்கு அப்போது சில நாட்களே இருந்தன.

தடுப்பார்கள் என்று பயந்து ஒதுங்கியிருந்தால், 13 வயதில் அவர் தந்தைக்காக ஓதியிருக்க முடியாது. துணிந்து போய் நின்றார், தடுக்க ஆளில்லை. அன்று கற்ற பாடத்தை ஆயுள் முழுவதும் அவர் மறக்கவில்லை.