ராபர்ட் பாரனி

ராபர்ட் பாரனி (ஏப்ரல் 22, 1876 – ஏப்ரல் 8, 1936) ஆஸ்திரியாவைச் சேர்ந்த காது மருத்துவர் ஆவார். உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பின் செயற்பாட்டை விழிகளின் அசைவைக் கொண்டு அறியும் முறையை உருவாக்கியமைக்காக, 1914 ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார்.

வாழ்க்கைச் சுருக்கம்

இவர் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் ஆறு குழந்தைகளுள் மூத்தவராகப் பிறந்தார். சிறு வயதில் எலும்புக் காசநோயால் பாதிக்கப்பட்டதால் இவரது முழங்கால் ஒன்று நிலையாக விறைத்துப் போனது. 1900 இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1903 முதல் ஆடம் பொலிட்சரின் காது மருத்துவமனையில் பணியாற்றினார்.

வெப்பச் சோதனை

நோயாளிகளின் காதை நீர் பீய்ச்சிக் கழுவும்போது சிலருக்குத் தலைசுற்றல் ஏற்படுவதையும், அவர்களின் விழிகள் தாமாகவே விட்டுவிட்டுத் துடிப்பதையும் பாரனி கவனித்தார். குளிர்ந்த நீருக்கு விழிகள் ஒரு திசையிலும், சூடான நீருக்கு அதற்கு எதிர்த்திசையிலும் துடித்தன. உடல் வெப்பநிலையில் உள்ள நீர் இவ்விளைவைத் தரவில்லை.

உட்செவியின் அரைவட்டக் குழல்களில் ஒரு திரவம் நிரம்பியுள்ளது. சூடேறிய திரவம் மேலெழும், குளிர்ந்தது கீழிறங்கும். இந்த ஓட்டத்தை மூளை தலையின் சுழற்சி எனக் கொள்வதால் விழிகள் அசைகின்றன என்று பாரனி விளக்கினார். தலையின் நிலையைத் தலைகீழாக மாற்றினால் துடிப்பின் திசையும் மாறியது அவரது விளக்கத்துக்கு வலுச் சேர்த்தது. ஒவ்வொரு காதையும் தனித்தனியே சோதிக்க முடிவது இம்முறையின் சிறப்பு. கண்களை மூடிக்கொண்டு விரலால் ஒரு புள்ளியைச் சுட்டச் செய்து சிறுமூளையின் செயலை ஆராயும் சோதனையும் இவருடையதே.

1983 இல் விண்வெளி ஆய்வகத்தில், எடையற்ற நிலையிலும் இத்துடிப்பு தோன்றுவது கண்டறியப்பட்டது. எனவே வெப்ப ஓட்டம் மட்டுமே காரணம் அன்று எனத் தெரியவந்தது. ஆயினும் இச்சோதனை இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

போரும் நோபல் பரிசும்

முதலாம் உலகப் போரின்போது பாரனி பிரிசெமிசில் கோட்டையில் மருத்துவராகப் பணிபுரிந்தார். 1915 இல் கோட்டை வீழ்ந்தபோது உருசியர்களிடம் சிறைப்பட்டு, இன்றைய துருக்மெனிஸ்தானில் உள்ள மெர்வ் முகாமுக்கு அனுப்பப்பட்டார். தமக்கு நோபல் பரிசு கிடைத்த செய்தியைச் சிறையில்தான் அறிந்தார். சுவீடன் இளவரசர் கார்ல், செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் மேற்கொண்ட முயற்சியால் 1916 இல் விடுதலையானார்.

வியன்னா திரும்பிய அவரை, பிறரின் பங்களிப்பை உரியவாறு குறிப்பிடவில்லை எனச் சக மருத்துவர்கள் குற்றஞ்சாட்டினர். சுவீடன் அறிஞர்கள் அவர் பக்கம் நின்றனர். 1917 இல் உப்சாலா பல்கலைக்கழகத்திற்குச் சென்ற பாரனி, இறக்கும் வரை அங்கேயே பணியாற்றினார். அறுபதாம் பிறந்தநாளுக்கு இரு வாரங்களுக்கு முன் காலமானார்.

பிற்காலத் தாக்கம்

தலையைக் குறிப்பிட்ட நிலைக்குத் திருப்பும்போது தோன்றி விரைவில் மறையும் தலைசுற்றலை 1921 இல் பாரனி விவரித்தார். 1952 இல் டிக்ஸ், ஹால்பைக் ஆகியோர் இதற்கான சோதனையை வகுத்தனர். உட்செவியின் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் இடம்பெயர்ந்து அரைவட்டக் குழல்களுக்குள் செல்வதே இதன் காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது.

1940களில் பிரித்தானியாவில் காத்தோர்ன், குக்சி ஆகியோர் சமநிலை இழந்தோருக்கான பயிற்சிகளை உருவாக்கினர். இவற்றில் நோயாளி முதலில் விழிகளை மட்டும் மெதுவாக அசைக்கிறார்; பின்னர் தலையை அசைக்கிறார். படுத்த நிலையில் தொடங்கி, அமர்ந்தும், நின்றும், நடந்தும் பயிற்சி தொடர்கிறது. இவ்வசைவுகளால் சிறிது தலைசுற்றல் எழுந்தாலும், திரும்பத் திரும்பச் செய்யும்போது மூளை பழுதுபட்ட காதின் குறையை ஈடுசெய்யப் பழகுகிறது. பார்வையும் நிற்கும் நிலையும் சீரடைகின்றன. இப்பயிற்சிகளைப் பாரனி வகுக்கவில்லை. எனினும் காது, விழி, உடல் நிலை ஆகியவற்றிடையே உள்ள தொடர்பை மருத்துவமனையில் அளந்தறியும் வழியைத் திறந்தவர் அவரே. 1960 இல் நிறுவப்பட்ட பன்னாட்டுச் சமநிலை ஆய்வாளர் கழகம் பாரனியின் பெயரைத் தாங்கியுள்ளது.