கள்ள நாணயக்காரர்களை வேட்டையாடிய விஞ்ஞானி!

ஆப்பிள் பழம் ஏன் கீழே விழுகிறது என்று யோசித்தவர் ஐசக் நியூட்டன். பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் இது தெரியும்.

அதே நியூட்டன் லண்டன் தங்கசாலையில் 30 ஆண்டுகளுக்கு மேல் உத்தியோகம் பார்த்தார். கள்ள நாணயம் செய்தவர்களைத் தேடித் தேடிப் பிடித்தார். சிறைக்குப் போய் விசாரணை நடத்தினார். பெரிய மோசடிக்காரன் ஒருவனைத் தூக்குமேடை வரை கொண்டு போய் நிறுத்தினார். இது பலருக்குத் தெரியாது.

அந்தக் கதைதான் இது.

தந்தை முகம் அறியாதவர்

இங்கிலாந்தில் லிங்கன்ஷைர் என்ற மாவட்டம் இருக்கிறது. அங்கே உல்ஸ்தோர்ப் என்னும் சின்னக் கிராமம். 1642-ம் ஆண்டு, அந்நாளையக் காலண்டர்படி கிறிஸ்துமஸ் தினத்தன்று, நியூட்டன் அங்கே பிறந்தார். குறை மாதக் குழந்தை. பிழைக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது.

அவர் பிறப்பதற்கு 3 மாதம் முன்பே தகப்பனார் இறந்து விட்டார். பிள்ளைக்கு 3 வயதானபோது தாயார் மறுமணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய் விட்டார். நியூட்டன் பாட்டியிடம் வளர்ந்தார்.

பையனை விவசாயத்தில் போட வேண்டும் என்பது தாயாரின் விருப்பம். பையனுக்கோ ஆடு மாடுகளில் கவனமே இல்லை. கடைசியில் படிக்க அனுப்பினார்கள். 1661-ல் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியில் சேர்ந்தார். 26 வயதில் அங்கேயே கணிதப் பேராசிரியர் ஆனார். 1687-ல், ஈர்ப்பு விசையை விளக்கும் பெரிய நூலை வெளியிட்டார். உலகம் அவரைக் கொண்டாடியது.

ஆனால் 1693-ல் அவருக்கு மனம் கலங்கியது. தூக்கம் கெட்டது. பல நாள் கழித்தே தேறினார். கேம்பிரிட்ஜ் வாழ்க்கை அலுத்து விட்டது. லண்டனில் நல்ல வேலை கிடைக்குமா என்று பார்த்துக் கொண்டிருந்தார்.

சார்லஸ் மான்டேகு என்பவர் அவருடைய நண்பர். அப்போது நிதி மந்திரி. 1696 மார்ச்சில் அவர் நியூட்டனைத் தங்கசாலையின் வார்டன் ஆக்கினார். நல்ல சம்பளம், வேலை அதிகம் இல்லை என்பதுதான் ஏற்பாடு. முன்பு அந்தப் பதவியில் இருந்தவர்கள் சம்பளத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தவர்கள்.

நியூட்டனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது!

பாதியாக இளைத்த பணம்

அப்போது இங்கிலாந்தின் வெள்ளிப் பணம் சீரழிந்து கிடந்தது. ஏன் தெரியுமா?

1662-க்கு முன்பு நாணயங்களைக் கையால் அடித்தார்கள். வெள்ளித் தகட்டை அச்சுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். அப்படிச் செய்த காசு ஒன்றுபோல் ஒன்று இராது. ஓரம் கோணல்மாணலாக இருக்கும்.

இது திருடர்களுக்கு வசதியாகப் போயிற்று. கத்தரியால் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிக்கொண்டு, காசை மறுபடி கடையில் கொடுத்து விடுவார்கள். யாருக்கும் தெரியாது. வெட்டிய துண்டுகளைச் சேர்த்து உருக்கினால் வெள்ளிக் கட்டி கிடைக்கும். இப்படி ஒரே காசு பத்துப் பேர் கையில் வெட்டுப்பட்டது.

1695-ல் கஜானாவுக்கு வந்த வெள்ளிக் காசுகளில் 57,200 பவுண்டு மதிப்புள்ளவற்றை எடைபோட்டுப் பார்த்தார்கள். 2 லட்சத்து 20 ஆயிரம் அவுன்சுக்குமேல் இருந்திருக்க வேண்டும். இருந்ததோ 1 லட்சத்து 14 ஆயிரம் அவுன்சு கூட இல்லை! கிட்டத்தட்டப் பாதி வெள்ளி மாயம்.

1662-க்குப் பிறகு எந்திரத்தில் செய்த நல்ல காசுகளும் இருந்தன. அவை சரியான வட்டம். ஓரத்தில் எழுத்தோ, வரிகளோ இருக்கும். ஓரத்தை வெட்டினால் உடனே தெரிந்துவிடும். ஆனால் அந்தக் காசுகள் வெளியே நடமாடவே இல்லை. கெட்ட காசைக் கொடுத்துவிட்டு நல்ல காசை ஜனங்கள் வீட்டில் பூட்டி வைத்தார்கள். வியாபாரிகள் அதை உருக்கி வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே வெள்ளிக்கு விலை அதிகம்.

அந்த வேளையில் பிரான்சுடன் யுத்தம் வேறு நடந்துகொண்டிருந்தது. சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்கவே நல்ல பணம் இல்லாமல் சர்க்கார் திண்டாடியது.

கள்ளக் காசு

ஓரம் வெட்டுகிறவர்கள் ஒரு பக்கம். கள்ளக் காசு செய்கிறவர்கள் இன்னொரு பக்கம். செப்பு, ஈயம், வெள்ளீயம் இவற்றைக் கலந்து அச்சில் வார்ப்பார்கள். மேலே லேசாக வெள்ளிப் பூச்சு. இதை அவர்களே கடைக்குக் கொண்டு போக மாட்டார்கள். குறைந்த விலைக்கு மொத்தமாக விற்று விடுவார்கள். வாங்கியவன் சந்தையிலும் சாராயக் கடையிலும் மாற்றுவான். கடைசியில் ஏமாந்தவன் தலையில் விடியும்.

பழைய காசுகளைத் திரும்ப வாங்கியபோது, அவற்றில் நூற்றுக்கு 20 கள்ளக் காசு என்று நியூட்டன் கணக்கிட்டார்.

கள்ளக் காசைக் கண்டுபிடிப்பது எப்படி? அன்றைய வழிகள் இன்றும் பயன்படும்.

முதலாவது எடை. வெள்ளி கனமான உலோகம். அதே அளவுக் காசை வெள்ளீயத்தில் செய்தால் எடை சுமார் 30 சதவீதம் குறையும். செப்பில் செய்தாலும் குறையும்.

எடையைச் சரிக்கட்ட ஈயம் சேர்த்தால்? அங்கேதான் இரண்டாவது சோதனை. காசைச் சுண்டிப் பார்க்க வேண்டும். நல்ல வெள்ளி கணீரென்று ஒலித்து நீளும். ஈயம் சேர்ந்தது பொத்தென்று அடங்கிவிடும்.

மூன்றாவது ஓரம். வார்த்த காசில் அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடம் ஓரத்தைச் சுற்றிக் கோடாகத் தெரியும். வரிகள் மழுங்கி இருக்கும்.

நான்காவது உரைகல். உரசினால் பூச்சு போய் உள்ளே இருப்பது வெளிப்படும்.

விக்டோரியா ராணி தலை போட்ட பழைய ரூபாய் என்று இந்நாளில் போலிகளை விற்கிறார்கள். அசல் ரூபாயின் எடை 11.66 கிராம். ஓரத்தில் வரிகள் சீராக இருக்கும். காந்தத்தில் ஒட்டாது. தராசில் போடாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

தங்கசாலையில் நியூட்டன்

பழைய காசு முழுவதையும் உருக்கிப் புதிதாக அடிப்பது என்று பார்லிமெண்டு முடிவு செய்தது. தங்கசாலை லண்டன் கோட்டைக்குள் இருந்தது. அங்கே மாஸ்டராக இருந்த தாமஸ் நீல் எதையும் கவனிக்காதவர். நியூட்டன் தாமாகவே பொறுப்பை எடுத்துக் கொண்டார்.

உலையில் எரிகிற கரி, எந்திரம் சுற்றும் குதிரை, தகடு வெட்டும் ஆள், எல்லாவற்றையும் கணக்கெடுத்தார். அச்சு எந்திரம் நிமிஷத்துக்கு 50 முதல் 55 தடவை அடிக்க முடியும் என்று கண்டார். அதற்கு ஏற்றபடி எல்லா வேலையையும் ஒழுங்கு செய்தார். அதிகாலை 4 மணி முதல் நள்ளிரவு வரை வேலை நடந்தது. வெளியூர்களிலும் 5 தங்கசாலைகள் திறந்தார்கள். செஸ்டர் நகரத் தங்கசாலைக்கு, வால்நட்சத்திரம் புகழ் ஹாலியை நியூட்டன் அனுப்பி வைத்தார்.

2 ஆண்டுகளில் 60 லட்சம் பவுண்டுக்கு மேல் புது வெள்ளிக் காசு வெளிவந்தது!

வேண்டாத வேலை

வார்டனுக்கு இன்னொரு கடமையும் உண்டு. கள்ள நாணயக்காரர்களைப் பிடித்துத் தண்டனை வாங்கிக் கொடுப்பது. அது ராஜத்துரோகக் குற்றம். தண்டனை மரணம்.

நியூட்டனுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. வெகுமதிக்கு ஆசைப்பட்டுப் பொய்ச்சாட்சி சொல்கிறவர்களோடு பழக வேண்டியிருக்கிறது. என்னை விட்டுவிடுங்கள் என்ற கருத்தில் 1696-ல் சர்க்காருக்கு எழுதினார். சர்க்கார் விடவில்லை.

வேறு வழி இல்லை என்றதும், கணிதத்தில் காட்டிய பிடிவாதத்தை இதிலும் காட்டினார். லண்டனைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் மாஜிஸ்திரேட் அதிகாரம் பெற்றார். உளவாளிகளை வைத்தார். சாராயக் கடைகளுக்கும் சிறைச்சாலைகளுக்கும் போய் வந்த செலவைக் கணக்கு எழுதினார். 1698 ஜூன் முதல் 1699 கிறிஸ்துமஸ் வரை 100-க்கு மேற்பட்ட விசாரணைகள் நடத்தினார்.

பலே கைகாரன் சலோனர்

இந்த வேட்டையில் அவருக்கு எதிரியாக வாய்த்தவன் வில்லியம் சலோனர்.

சலோனர் ஓர் ஏழை நெசவாளியின் மகன். பர்மிங்காமில் ஆணி செய்கிறவரிடம் வேலை பழகினான். கள்ளக் காசுத் தொழிலையும் அங்கேயே கற்றான். லண்டனுக்கு வந்து போலி வைத்தியம் பார்த்தான், குறி சொன்னான். பிறகு முலாம் பூசும் வித்தையைக் கற்றுக்கொண்டு தங்கக் காசும் வெள்ளிக் காசும் செய்தான். பெரிய வீடு, பட்டுச் சட்டை, கனவான் வேஷம்!

அவன் துணிச்சலைக் கேளுங்கள். இங்கிலாந்து பாங்கியின் நோட்டைப் போலியாக அடித்தான். விஷயம் வெளியானதும் கூட்டாளிகளைக் காட்டிக் கொடுத்து, பாங்கியிடமே வெகுமதி வாங்கினான்!

1697-ல் பார்லிமெண்டுக் கமிட்டி முன் போனான். தங்கசாலைக்காரர்களுக்குத் திறமை போதாது, கள்ளக் காசை ஒழிக்க எனக்கு வழி தெரியும், என்னை உள்ளே விடுங்கள் என்று கேட்டான். கமிட்டியும் மயங்கி, அவனுக்கு உதவும்படி நியூட்டனுக்குச் சொன்னது. வேலியைப் பயிர் மேயச் சொன்ன கதைதான்! நியூட்டன் அசையவில்லை. அவனைத் தங்கசாலைக்குள் விட மறுத்து விட்டார்.

அதே ஆண்டு சலோனரைக் கைது செய்தார். ஆனால் முக்கிய சாட்சிக்குப் பணம் கொடுத்து ஸ்காட்லாந்துக்கு அனுப்பி விட்டான் சலோனர். வழக்கு நிற்கவில்லை. விடுதலையானவன், தன்மீது பொய்க் கேஸ் போட்டதாகப் பார்லிமெண்டுக்கே மனுக் கொடுத்தான். கேள்வி கேட்டவர் பதில் சொல்லும்படி ஆயிற்று. மனு தள்ளுபடியானது. என்றாலும் அவமானம் அவமானம்தான்.

தூக்குமேடை

நியூட்டன் அவசரப்படவில்லை. சாட்சிகளை ஒவ்வொருவராகச் சேர்த்தார். கூட்டாளிகளின் மனைவிமார்கள், அச்சு வெட்டியவர்கள், காசை மாற்றியவர்கள் எல்லோரிடமும் வாக்குமூலம் வாங்கினார்.

1698-ல் சலோனர், சர்க்கார் லாட்டரிச் சீட்டைப் போலியாக அடிக்கத் தகடு செய்து அகப்பட்டுக் கொண்டான். நியூகேட் சிறையில் அவனோடு இருந்த கைதிகளையே நியூட்டன் உளவாளி ஆக்கினார். அவன் பேசியதெல்லாம் அவர் மேஜைக்கு வந்தது.

1699 மார்ச்சில் வழக்கு நடந்தது. சலோனர் பைத்தியம் போல் நடித்துப் பார்த்தான். பலிக்கவில்லை. மரண தண்டனை விதித்தார்கள். சிறையிலிருந்து நியூட்டனுக்கு உருக்கமாகக் கடிதம் எழுதினான், காப்பாற்றும்படி கெஞ்சினான். நியூட்டன் இரங்கவில்லை. அதே மாதம் டைபர்ன் மைதானத்தில் சலோனர் தூக்கில் தொங்கினான்.

கள்ளக் காசு பெற்று ஏமாறுகிறவன் பெரும்பாலும் ஏழைதான். அவனுடைய ஒரு நாள் கூலி அதோடு போய்விடும். ஆனாலும் பொய்ச் சாட்சிகளைக் கண்டு அருவருத்தவர், அதே ஆட்களின் வாக்கைக் கொண்டு ஒருவன் உயிரை வாங்க வேண்டி வந்தது. பிற்காலத்தில் பெட்டி பெட்டியாக அந்த விசாரணைத் தாள்களை நியூட்டன் எரித்தார். கூட இருந்து எரித்தவர் அவருடைய மருமகளின் கணவர் ஜான் காண்டியூட். மிஞ்சியவை இன்றும் லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

கடைசி வரை தங்கசாலை

1699 முடிவில் தாமஸ் நீல் இறந்தார். நியூட்டன் மாஸ்டர் பதவிக்கு வந்தார். 1705-ல் ஆன் ராணி அவருக்கு சர் பட்டம் கொடுத்தார்.

1710-ல் அவருக்கே சோதனை வந்தது. தங்கசாலையின் தங்கக் காசை மாதிரித் தகட்டோடு ஒப்பிட்டவர்கள், காசின் மாற்றுக் குறைவு என்றார்கள். மற்றவர்களின் கள்ளக் காசைப் பிடித்தவர் மீதே பழி! நியூட்டன் ஆராய்ந்து பார்த்தார். காசில் குறை இல்லை. 1707-ல் செய்த மாதிரித் தகடுதான் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கிறது என்று நிரூபித்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் வெல்லவில்லை. கெட்ட காசை ஒழித்தார். நல்ல வெள்ளி நாட்டை விட்டு ஓடுவதை நிறுத்த முடியவில்லை. இந்தியாவிலும் சீனாவிலும் வெள்ளிக்குத் தங்கத்தைவிட நல்ல மதிப்புக் கிடைக்கிறது என்று 1717-ல் அறிக்கை எழுதினார். நம் சோழமண்டலக் கரையில் துணி வாங்கக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலில் கொண்டு வந்ததும் வெள்ளிதான். அந்த ஆண்டு தங்கக் கினியின் விலையை 21 ஷில்லிங் என்று குறைத்தார்கள். அப்படியும் வெள்ளி ஓட்டம் நிற்கவில்லை. இங்கிலாந்து மெல்ல மெல்லத் தங்க நாணய நாடாகியது.

1727 மார்ச்சில் நியூட்டன் காலமானார். அப்போது வயது 84. அதுவரை அவரே தங்கசாலையின் மாஸ்டர். வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

உங்கள் சட்டைப் பையில் இருக்கும் சில்லறையை எடுத்துப் பாருங்கள். சில நாணயங்களின் ஓரத்தில் வரி வரியாக இருக்கும். அழகுக்காகப் போட்டது என்று நினைக்காதீர்கள். ஓரம் வெட்டும் திருடனுக்காகப் போட்ட பூட்டு அது!