மீண்டும் மாணவரான மருத்துவர்

பினாங்கில் பொற்கொல்லர் ஒருவரின் மகனாக 1879-ஆம் ஆண்டு பிறந்தவர் வூ லியென் தே. பினாங்கு ஃபிரீ பள்ளியில் பயின்ற அவர், அரசியார் உபகாரச் சம்பளம் பெற்று 1896-இல் இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற முதல் சீனர் அவரே. 1903-இல் தாயகம் திரும்பினார். ஆயினும், அக்காலத்தில் மலாயா அரசு மருத்துவத்துறையின் உயர் பதவிகள் பிரிட்டிஷாருக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. எனவே, பினாங்கில் சொந்தமாக மருத்துவத் தொழில் செய்தார். 1908-இல் சீனாவின் இராணுவ மருத்துவக் கல்லூரி ஒன்றில் பணியாற்றச் சென்றார்.

1910-ஆம் ஆண்டு இறுதியில், மஞ்சூரியாவிலுள்ள ஹார்பின் நகரில் கொள்ளைநோய் பரவியது. அங்கு அனுப்பப்பட்டபோது வூவுக்கு வயது 31. எலிகளும் தெள்ளுப்பூச்சிகளுமே பிளேக் நோயைப் பரப்பும் என்று மருத்துவர்கள் நம்பியிருந்த காலம் அது. இறந்த ஒருவரின் உடலை ஆராய்ந்த வூ, இந்நோய் நுரையீரலைத் தாக்கி, மூச்சின் வழியே பிறருக்குத் தொற்றுவதை அறிந்தார். கட்டுத்துணியின் நடுவே பஞ்சை வைத்து முகக்கவசம் செய்து, அனைவரையும் அணியச் சொன்னார். இன்று நமக்கு அது புதிதன்று. அன்றோ மருத்துவர்களே அதனைப் பொருட்படுத்தவில்லை. மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர் கவசமின்றி நோயாளிகளைப் பார்த்தார். சில நாள்களில் நோய் கண்டு இறந்தார். அதன்பின்தான் எல்லாரும் வூவின் சொல்லைக் கேட்டனர்.

நகரத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்து, வீடு வீடாகச் சோதனை நடந்தது. நோயாளிகளோடு பழகியவர்கள் இரயிலின் சரக்குப் பெட்டிகளில் தனியே தங்க வைக்கப்பட்டனர். மருந்தில்லாத நோய் அது. மக்களின் அச்சமோ அதனினும் பெரிது. தங்களையும் பிரித்துக் கொண்டுபோவார்கள் என்று அஞ்சிச் சிலர், இறந்தவரின் உடலை இரவில் தெருவில் போட்டுச் சென்றனர். உறைந்த நிலத்தில் குழி தோண்ட முடியாமல், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் புதைக்கப்படாமல் கிடந்தன. முன்னோரைப் போற்றும் சீனர்களுக்கு உடலை எரிப்பது பெருங்குற்றம். அதனால், வூ முதலில் பேரரசரின் அனுமதியைப் பெற்றார். 1911 ஜனவரி 31-இல், சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாளன்று, அவ்வுடல்கள் எரியூட்டப்பட்டன. புத்தாண்டுப் பட்டாசுகளை வீட்டிற்குள்ளேயே வெடிக்கும்படியும் மக்களை அவர் கேட்டுக்கொண்டார். கந்தகப் புகை கிருமிகளைக் கொல்லும் என்பது அவருடைய எண்ணம். பட்டாசு தீமையை விரட்டும் என்பது மக்களின் நம்பிக்கை. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஹார்பினில் நோய் நின்றது. அதற்குள் மஞ்சூரியா முழுவதும் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டிருந்தனர்.

உலகப் புகழ் பெற்ற பிறகு அவர் செய்த ஒரு செயல்தான் வியப்பானது. நாற்பது வயதைக் கடந்த நிலையில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து, பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றார். ஒரு நோயாளியைக் குணப்படுத்தும் கல்வி அவரிடம் முன்பே இருந்தது. ஒரு நகரமே நோயுறாமல் காப்பது வேறு கல்வி. குடிநீர், கழிவுநீர், பிறப்பு இறப்புக் கணக்கு, நோய் பரவும் வழி ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். 1926-இல் ஹார்பினில் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவரானார்.

1937-இல் சீனாவில் போர் மூண்டதும் மலாயாவுக்குத் திரும்பி, ஈப்போவில் சிறிய மருத்துவகம் நடத்தினார். அவ்வூரில் நூலகம் அமையவும் நன்கொடை திரட்டினார். தம் வரலாற்றை நூலாக எழுதி வெளியிட்ட மறு ஆண்டு, 1960-இல், பிறந்த ஊரான பினாங்கிலேயே காலமானார்.