எல்.கே.ஜி.யில் ஒளிந்திருக்கும் தோட்டம்!

குழந்தைகளே, எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று தினமும் சொல்கிறோம். உங்கள் தம்பியோ தங்கையோ அந்த வகுப்பில் படிக்கலாம். அதில் வரும் கே.ஜி. என்ற இரண்டு எழுத்துகளுக்கு என்ன பொருள் தெரியுமா? கிண்டர்கார்டன் என்பதன் சுருக்கம் அது. கிண்டர்கார்டன் என்பது ஜெர்மன் மொழிச் சொல். கிண்டர் என்றால் குழந்தைகள். கார்டன் என்றால் தோட்டம். குழந்தைகளின் தோட்டம்!

பள்ளிக்கூடத்துக்குத் தோட்டம் என்று யாராவது பெயர் வைப்பார்களா? ஒருவர் வைத்தார். பெயர் வைத்ததோடு நிற்காமல், ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு துண்டு நிலத்தையும் கொடுத்தார். அவர்தான் பிரெடரிக் புரோபெல்.

ஜெர்மனியின் நடுப்பகுதியில் துரிங்கியா என்ற மலைக்காட்டுப் பிரதேசம் இருக்கிறது. அங்கே ஓபர்வைஸ்பாக் என்ற சிற்றூரில் 1782ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் தேதி புரோபெல் பிறந்தார். அவருடைய தந்தை பாதிரியார். சுற்றியிருந்த பல கிராமங்களையும் அவரே கவனிக்க வேண்டியிருந்ததால், வீட்டில் இருக்க அவருக்கு நேரமே கிடைக்காது. புரோபெலுக்கு ஒரு வயது நிரம்பும் முன்பே அம்மா இறந்துவிட்டார்.

சில ஆண்டுகளில் சிற்றன்னை வந்தார். முதலில் அன்பாகத்தான் இருந்தார். அவருக்கென்று ஒரு குழந்தை பிறந்ததும் எல்லாம் மாறிவிட்டது. வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடும் சொல்லால் புரோபெலைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். யாரோ ஓர் அந்நியனிடம் பேசுவது போலப் பேசினார். அப்பாவோ, இவன் மந்தமான பையன் என்று நினைத்துவிட்டார்.

சிறுவன் புரோபெலுக்கு இருந்த ஒரே துணை, வீட்டைச் சுற்றியிருந்த தோட்டம். வேலியைத் தாண்டி வெளியே போக அனுமதி இல்லை. ஆகவே அந்தத் தோட்டத்துச் செடிகளும், மேலே தெரிந்த வானமும், தூரத்து மலைகளும்தான் அவனுடைய உலகம். ஒரு நாள், வெளியூரில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் வீட்டுக்கு வந்தார். ஹேசல் என்ற கொட்டை மரத்தின் மொட்டுகளில் மெல்லிய நூல் போலச் செந்நிற இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைத் தம்பி ரசித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அந்தச் சின்ன இழைகள்தான் அதன் பெண் பூக்கள் என்றும், செடிகளிலும் ஆண் பூ, பெண் பூ உண்டு என்றும் விளக்கினார். சிறுவனின் கண்கள் விரிந்தன. அன்று முதல் ஒவ்வொரு பூவையும் உற்றுப் பார்க்கத் தொடங்கினான்.

பத்து வயதில் தாய்மாமன் வீட்டுக்குப் போனான். அங்கே அன்பும் கிடைத்தது. ஓடியாடும் சுதந்திரமும் கிடைத்தது.

பதினைந்து வயதில், 1797ஆம் ஆண்டு, ஒரு வன அதிகாரியிடம் தொழில் பழக அனுப்பினார்கள். அந்த அதிகாரிக்குக் காட்டைப் பற்றி நிறையத் தெரியும். ஆனால் சொல்லிக் கொடுக்கத் தெரியாது. புரோபெல் சோர்ந்துவிடவில்லை. பக்கத்து ஊர் மருத்துவர் ஒருவரிடம் தாவரவியல் புத்தகங்களை இரவல் வாங்கினார். புத்தகத்தில் படித்ததைக் காட்டில் தேடினார். இரண்டு ஆண்டுகள் காடே அவருக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது.

அதன் பிறகு ஜெனா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கேயும் சோதனை. கையில் இருந்த பணத்தை அண்ணன் ஒருவருக்குக் கடனாகக் கொடுத்தார். அது திரும்பி வரவில்லை. அதனால் தன் செலவுகளுக்கான கடனை அடைக்க முடியாமல், பல்கலைக்கழகத்தின் சிறையில் ஒன்பது வாரம் இருக்க நேர்ந்தது! படிப்பு பாதியில் நின்றது. பிறகு நிலம் அளப்பது, கணக்கு எழுதுவது என்று ஏதேதோ வேலைகள் பார்த்தார்.

கட்டடக் கலை படிக்கலாம் என்று 1805ஆம் ஆண்டு பிராங்க்பர்ட் நகருக்குப் போனவர், ஒரு பள்ளியில் ஆசிரியரானார். முதல் நாள் வகுப்பில் நின்றபோதே, தான் தேடிக்கொண்டிருந்த வேலை இதுதான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அக்காலத்தில் ஸ்விட்சர்லாந்தில் பெஸ்டலோசி என்ற பெரிய கல்வியாளர் இருந்தார். புத்தகத்தை மனப்பாடம் செய்ய வைக்காமல், பொருள்களைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுக் கற்க வேண்டும் என்று சொன்னவர் அவர். அவரிடம் நேரில் போய்க் கற்றுக்கொண்டார் புரோபெல்.

பிராங்க்பர்ட்டில் மூன்று சிறுவர்களுக்கு வீட்டு ஆசிரியராகவும் இருந்தார். அவர்களின் தந்தை ஒரு சிறு நிலத்தைத் தோட்டம் போடக் கொடுத்தார. ஆசிரியரும் மாணவர்களும் சேர்ந்து மண்ணைக் கொத்தினார்கள், விதைத்தார்கள். விளைந்ததைப் பெற்றோருக்குப் பரிசாகக் கொடுத்தபோது சிறுவர்களின் முகத்தில் தெரிந்த பெருமையை அவர் மறக்கவே இல்லை.

பின்னர் பெர்லினில் கனிமங்களைப் பற்றிப் படித்தார். அங்குள்ள அருங்காட்சியகத்தில் வேலையும் கிடைத்தது. இதற்கிடையே, பாதிரியாராக இருந்த அவருடைய அண்ணன் 1813ஆம் ஆண்டு இறந்து போனார். நோயுற்ற போர்வீரர்களுக்குப் பணிவிடை செய்தபோது அந்த நோய் அவரையும் தொற்றிக்கொண்டது. அவருடைய மூன்று மகன்களும் தந்தையை இழந்து நின்றார்கள். அன்பில்லாத பிள்ளைப் பருவம் எப்படி இருக்கும் என்று புரோபெலுக்குத் தெரியாதா என்ன? அருங்காட்சியக வேலையை விட்டுவிட்டு வந்தார். 1816ஆம் ஆண்டு, தன் அண்ணன்மார்களின் ஐந்து பிள்ளைகளை மட்டும் வைத்து ஒரு பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது கைல்ஹாவ் என்ற கிராமத்துக்கு மாறியது. பாடத்தோடு மலையேற்றம், செடிகளையும் கற்களையும் சேகரித்தல், தோட்ட வேலை எல்லாம் அங்கே உண்டு.

பல ஆண்டுகள் பள்ளி நடத்திய பிறகு அவருக்கு ஒன்று தோன்றியது. ஏழு வயதுக்கு முன்பே குழந்தைகள் எவ்வளவோ கற்றுக்கொள்கிறார்கள். அந்தச் சின்னஞ்சிறு வயதை யாருமே கவனிப்பதில்லையே! அக்காலத்தில் சிறு குழந்தைகளுக்கான இடங்கள் பெரும்பாலும், வேலைக்குப் போகும் பெற்றோர் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் காப்பகங்களாகத்தான் இருந்தன.

எனவே 1837ஆம் ஆண்டு, பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சிறு குழந்தைகளுக்காக ஓர் இடத்தைத் தொடங்கினார். கம்பளி நூல் பந்து, மர உருண்டை, உருளை, கனசதுரம் என்று விளையாட்டுப் பொருள்களைச் செய்து கொடுத்தார். பாட்டு, ஆட்டம், காகித மடிப்பு எல்லாம் இருந்தன. ஆனால் இந்த இடத்துக்கு என்ன பெயர் வைப்பது? நீண்ட நாள் யோசித்தார். ஒரு நாள் நண்பர்களுடன் மலைப்பாதையில் நடந்துகொண்டிருந்தார். கீழே பள்ளத்தாக்கு ஒரு பெரிய தோட்டம் போலத் தெரிந்ததாம். சட்டென்று பெயர் கிடைத்துவிட்டது. கிண்டர்கார்டன்! 1840ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் தேதி அந்தப் பெயரோடு விழா நடந்தது.

செடியைப் பிடித்து இழுத்து வளர்க்க முடியுமா? முடியாது. தண்ணீரும் வெயிலும் நல்ல மண்ணும் கொடுத்தால் அது தானே வளரும். குழந்தையும் அப்படித்தான் என்று புரோபெல் நம்பினார். அதனால்தான் அந்தப் பெயர். ஆனால் அவர் சொன்ன தோட்டம் வெறும் உவமை இல்லை. தன் பள்ளிக்கு உண்மையான தோட்டம் ஒன்றுக்கும் அவர் திட்டம் வகுத்தார்.

அந்தத் திட்டம் மிகவும் சுவையானது. நடுவில் ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தி. இடம் போதாவிட்டால் இரண்டு பேருக்கு ஒன்று. அவற்றைச் சுற்றி, எல்லோருக்கும் பொதுவான பெரிய பாத்திகள். பொதுப் பாத்திகளில் பூச்செடிகளும், காய்கறி, தானியப் பயிர்களும் இருக்கும். விதை முளைவிடுவது முதல் அது மீண்டும் விதையாவது வரை குழந்தைகள் அங்கே பார்க்கலாம். எல்லோரும் சேர்ந்து பராமரிக்க வேண்டும்.

சொந்தப் பாத்தியில்? என்ன வேண்டுமானாலும் நடலாம், எப்படி வேண்டுமானாலும் வளர்க்கலாம்! அதிகத் தண்ணீர் ஊற்றினால் செடி அழுகும். ஊற்ற மறந்தால் வாடும். வேர் பிடித்துவிட்டதா என்று தினமும் பிடுங்கிப் பார்த்தால் செத்தே போகும். அது தெரியட்டும் என்றுதான் விட்டார். செடிக்கு என்ன தேவை என்பதை ஆசிரியர் சொல்வதைவிடச் செடியே நன்றாகச் சொல்லிவிடும் அல்லவா? ஒவ்வொரு பாத்தியிலும் குச்சி நட்டு, செடியின் பெயரும் குழந்தையின் பெயரும் எழுதி வைக்க வேண்டும். யார் அக்கறையாக இருக்கிறார், யார் சோம்பேறி என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும்!

என்னுடையதையும் கவனிக்க வேண்டும். எல்லோருடையதையும் கவனிக்க வேண்டும். இந்தப் பெரிய பாடத்தைச் சில அடி மண்ணில் வைத்தார் புரோபெல்.

கிண்டர்கார்டன் பல ஊர்களில் பரவியது. இளம்பெண்களுக்கு ஆசிரியர் பயிற்சி கொடுத்தார். பெண்கள் வேலைக்குப் போவதே அரிதாக இருந்த காலம் அது. அப்போதுதான் இடி விழுந்தது. 1851ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் தேதி, ஜெர்மன் அரசுகளில் பெரியதான பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களுக்குத் தடை விதித்தது. குழந்தைகளுக்கு நாத்திகமும் புரட்சியும் கற்பிக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. புரோபெலின் அண்ணன் மகன் கார்ல், சற்றுப் புரட்சிகரமான கருத்துகளோடு ஒரு நூல் எழுதியிருந்தார். அதையும் இவர் கருத்துகளையும் அரசு ஒன்றாகக் குழப்பிக்கொண்டது. அது வேறு, இது வேறு என்று புரோபெல் விளக்கினார். அரசருக்கும் மனு அனுப்பினார். பலன் இல்லை.

தடை நீங்குவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1852ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் தேதி, எழுபது வயதில் காலமானார். அவர் கல்லறையில் கனசதுரம், உருளை, உருண்டை ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வடிவில் நினைவுக்கல் இருக்கிறது. குழந்தைகளுக்கு அவர் கொடுத்த அதே விளையாட்டுப் பொருள்கள்!

ஆனால் விதை ஏற்கெனவே தூவப்பட்டுவிட்டது. ஜெர்மனியிலிருந்து குடியேறிய மார்கரெட்டே ஷூர்ஸ் என்ற பெண், 1856ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரில் ஒரு கிண்டர்கார்டன் தொடங்கினார். 1860ஆம் ஆண்டு பிரஷ்யாவில் தடையும் நீங்கியது. 1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு தொடக்கப் பள்ளி, மாணவர்களுக்காகத் தோட்டம் அமைத்தது. பிறகு பல நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் தோட்டம் ஒரு வகுப்பறை ஆனது. மண்புழு, தேனீ, மழை, மண் எல்லாம் பாடமாயின.

உலகம் முழுவதும் பரவியபோது, பல இடங்களில் ஒன்று மட்டும் வழியில் தொலைந்துவிட்டது. விளையாட்டுப் பொருள்கள் வந்தன, பாட்டு வந்தது, பெயரும் வந்தது. தோட்டம் வரவில்லை. இடமில்லை, நேரமில்லை என்று காரணங்கள்.

குழந்தைகளே, உங்கள் பள்ளியின் கே.ஜி. வகுப்புக்குப் பக்கத்தில் கொஞ்சம் மண் இருக்கிறதா என்று நாளை பாருங்கள். இருந்தால் ஆசிரியரிடம் கேட்டு, தம்பி தங்கைகளுக்கு ஒரு பாத்தி கட்டிக் கொடுங்கள். மண் இல்லையா? உடைந்த வாளியில் அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, இரண்டு வெண்டை விதை ஊன்றுங்கள். பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, செடியின் பெயரையும் உங்கள் பெயரையும் எழுதி வையுங்கள். அந்த கார்டன் என்ற சொல்லுக்கு அப்போது மறுபடியும் உயிர் வந்துவிடும்.