வணிகர்க்கு நீதி கண்ட மான்ஸ்பீல்டு

இயற்பியல் படிக்கும் மாணவனுக்கும் வணிகச் சட்டத்திற்கும் என்ன உறவு என்று சங்கத்து நண்பர்கள் கேட்கக்கூடும். உறவு உண்டு. அது என் வீட்டு வாயில் வழியாக வந்த உறவு.

கரூரில் என் தந்தையாரும் அவருடைய இளமைக்கால நண்பர் ஒருவரும் கூடி 18 ஆண்டுகள் நூல் கடை நடத்தினார்கள். அந்த நண்பரைச் சித்தப்பா என்று அழைத்து வளர்ந்தவன் நான். போட்ட முதலில் பாதி, வந்த இலாபத்தில் பாதி என்பது அவர்களுடைய ஏற்பாடு. எல்லாம் வாய்ப்பேச்சு, எழுத்து ஒன்றும் இல்லை. சென்ற ஆண்டு இருவர் மனமும் கசந்தது. கடையைத் தாமே எடுத்துக்கொண்டு, தந்தையாரின் பங்கை மாதந்தோறும் கொடுத்துத் தீர்ப்பதாகச் சித்தப்பா கூறினார். ஆனால் சாவியும் சரக்கும் முதலில் தம் கைக்கு வந்துவிட வேண்டும் என்றார். பணத்திற்கு என்ன பிணை என்று கேட்கத் தந்தையாருக்கு நா எழவில்லை. ஒரே இலையில் உண்டவனிடம் ஜாமீன் கேட்பதா என்று மனம் குமைந்தார். தில்லியில் பெரிய படிப்புப் படிக்கும் மகனுக்குத் தெரியாதது இருக்காது என்ற நம்பிக்கையில் என்னிடம் தொலைபேசியில் வழி கேட்டார்.

மகனுக்கோ ஒன்றும் தெரியாது. நம் சங்கத்தில் உள்ள சட்டத் துறை நண்பர் ஒருவரை நாடினேன். அவர் என்னை நூலகத்தில் உட்காரவைத்து, ஒப்பந்தச் சட்ட நூல் ஒன்றைத் திறந்து, 1773ஆம் ஆண்டின் வழக்கு ஒன்றைக் காட்டினார். பட்டு வணிகர் ஒருவரின் கடையைப் பற்றிய வழக்கு அது. படித்ததும் திடுக்கிட்டேன். கரூர்க் கடைத்தெருவில் நடப்பது இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே லண்டனில் நடந்திருக்கிறதே! அவ்வழக்கைத் தீர்த்த நீதியரசரின் வாழ்வைப் படிக்கத் தொடங்கி, இரண்டு நாள் சோதனைக்கூடத்தையே மறந்தேன். அவர்தாம் மான்ஸ்பீல்டு பிரபு.

அவருடைய இயற்பெயர் வில்லியம் முர்ரே. 1705ஆம் ஆண்டு ஸ்காத்லாந்தில் பெர்த் நகருக்கு அருகே ஸ்கோன் என்னும் இடத்தில் பிறந்தார். குலத்தால் பிரபு குடும்பம். ஆனால் பிள்ளைகள் பலர், செல்வம் குறைவு. 1718இல், 13 வயதுச் சிறுவனாக, சிறு குதிரை ஒன்றின் மீதேறி, லண்டன் மாநகரின் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் படிக்கப் புறப்பட்டார். பயணம் ஏழு வாரங்களுக்கு மேல் நீண்டது. அதன் பின் 75 ஆண்டுகள் வாழ்ந்தும் அவர் பிறந்த மண்ணுக்குத் திரும்பவில்லை. பெற்றோர் முகத்தையும் மீண்டும் காணவில்லை என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். இரயிலில் தில்லிக்கு வந்து இறங்கியதற்கே முதல் வாரம் கண்கலங்கிய நான், இந்த இடத்தில் நூலைச் சற்று மூடிவைத்தேன்.

ஆக்ஸ்போர்டில் பயின்று, 1730இல் வழக்கறிஞரானார். ஸ்காத்லாந்துக்காரர் என்ற ஏளனம் அவரைத் தொடர்ந்து வந்தது. திறமை அதனை வென்றது. 1742இல் அரசின் துணைத் தலைமை வழக்கறிஞர், 1754இல் தலைமை வழக்கறிஞர் என உயர்ந்து, 1756இல் கிங்ஸ் பெஞ்சு என்னும் மன்றத்தின் தலைமை நீதிபதியானார். மான்ஸ்பீல்டு பிரபு என்ற பட்டமும் அவ்வாண்டிலேயே கிடைத்தது. 1788 வரை, 32 ஆண்டுகள் அந்த இருக்கையில் வீற்றிருந்தார்.

அவர் வந்தபோது இங்கிலாந்தின் வாணிகம் உலகமெங்கும் விரிந்துகொண்டிருந்தது; சட்டமோ நிலத்தையும் பண்ணையையும் பற்றியே மிகுதியாகப் பேசிக்கொண்டிருந்தது. வணிகர் வழக்கு வந்தால், அவர்களிடையே உள்ள வழக்கம் என்னவென்று சான்றுகளைக் கேட்டு, அனைத்தையும் ஒருசேர நடுவர் குழுவிடம் விட்டுவிடுவார்கள். குழு ஏதோ ஒரு முடிவைச் சொல்லும். அடுத்த வழக்கிற்கு அது பயன்படாது. ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்தே தொடங்க வேண்டும். ஒருவன் செய்த சோதனையின் முடிவை மற்றவன் அறியாத ஆராய்ச்சிக்கூடத்தை எண்ணிப் பாருங்கள், அந்த நிலைதான்.

மான்ஸ்பீல்டு இதனை மாற்றினார். லண்டன் நகரத்துத் தேர்ந்த வணிகர்களையே சிறப்பு நடுவர்களாக அமர்த்தினார். அவர்களோடு உணவருந்தினார், கப்பல் காப்புறுதி எவ்வாறு எழுதப்படுகிறது, உண்டியல் எவ்வாறு கைமாறுகிறது என்றெல்லாம் அவர்களிடமே கேட்டறிந்தார். அவ்வாறு அறிந்த வழக்கத்திலிருந்து பொதுவிதியைப் பிரித்தெடுத்துத் தீர்ப்பில் வைத்தார். வணிகனுக்கு வேண்டுவது உறுதி. இன்று ஒரு விதி, நாளை ஒரு விதி என்றிருந்தால் எவன் துணிந்து முதல் போடுவான்?

1756இல் அஞ்சல் வண்டியிலிருந்து வங்கித்தாள் ஒன்று களவு போயிற்று. அது கைமாறிக் கைமாறி, களவை அறியாத சத்திரக்காரர் ஒருவரிடம் நியாயமான விலைக்கு வந்து சேர்ந்தது. அது யாருக்குச் சொந்தம்? 1758இல் சத்திரக்காரருக்கே என்று தீர்ப்பளித்தார் மான்ஸ்பீல்டு. நாணயம் போல் புழங்கும் தாளின் பூர்வ வரலாற்றை, நல்லெண்ணத்தோடு வாங்கியவன் துருவிக்கொண்டிருக்க முடியாது அல்லவா?

மற்றொரு வழக்கு கீழ்த்திசையிலிருந்து சென்றது. சுமத்திராவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மார்ல்பரோ கோட்டை என்று ஒன்று இருந்தது. அதன் ஆளுநர் கார்ட்டர், கோட்டை ஐரோப்பியப் பகைவர் கையில் விழுந்தால் ஈடு பெறக் காப்புறுதி எடுத்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தனர். கோட்டையின் பலவீனத்தை மறைத்துவிட்டார் என்று காப்புறுதி கொடுத்தவர் பணம் தர மறுத்தார். 1766இல் தீர்ப்பு வந்தது. காப்புறுதிக்கு நல்லெண்ணமே அடிப்படை. தனக்கு மட்டும் தெரிந்ததை ஒருவன் மறைத்தல் ஆகாது. ஆனால் அந்தக் கடமை இருபக்கத்திற்கும் உண்டு. தானே அறிந்திருந்ததை, அல்லது கேட்டால் அறிந்திருக்கக் கூடியதைக் காட்டிப் பின்னால் நழுவுதலும் ஆகாது. ஆளுநரே வென்றார்.

இனி, என்னைத் திடுக்கிட வைத்த பட்டுக்கடை வழக்கு. கிங்ஸ்டன் என்பவர் பிரெஸ்டன் என்னும் பட்டு வணிகரிடம் ஒன்றேகால் ஆண்டு பணிபுரிய ஒப்பினார். ஊதியம் ஆண்டுக்கு 200 பவுன். அந்தக் காலம் முடிந்ததும் பிரெஸ்டன் கடையை விட்டுக்கொடுக்க, கிங்ஸ்டனும் பிரெஸ்டனின் உறவுப் பிள்ளையோ அவர் காட்டும் வேறொருவரோ கூட்டாளிகளாகி அதனை நடத்த வேண்டும். சரக்கின் விலையை மாதம் 250 பவுனாகச் செலுத்த வேண்டும். அதற்குக் கிங்ஸ்டன் தகுந்த பிணை தர வேண்டும். காலம் வந்தது, பிணை வரவில்லை. தம் சொந்த வாக்குறுதியைத் தவிர வேறொன்றும் கிங்ஸ்டனிடம் இல்லை. ஆயினும் கடையைக் கொடு என்று வழக்குத் தொடுத்தார். இருவர் வாக்குறுதியும் தனித்தனி. கடையை இப்போது கொடுத்துவிட்டு, பிணைக்காகப் பிரெஸ்டன் வேறு வழக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்பது அவர் கட்சி. பழைய சட்டப்போக்கு அதற்கு இடங்கொடுத்தது.

மான்ஸ்பீல்டு உடன்படிக்கைகளை ஓர் அறிவியலார் போல் மூன்றாக வகுத்தார். ஒன்றையொன்று சாராமல் தனித்து நிற்கும் வாக்குறுதிகள் ஒரு வகை. ஒன்று நிறைவேறினால்தான் மற்றொன்று பிறக்கும் என்பது இரண்டாம் வகை. இரண்டும் ஒரே வேளையில் நிறைவேற வேண்டியவை மூன்றாம் வகை. எது எவ்வகை என்பதைச் சொற்களின் அடுக்கைப் பார்த்து முடிவு செய்யலாகாது. இருவரும் கருதிய பொருளைப் பார்க்க வேண்டும். தம் செல்வம் முழுவதும் அடங்கிய கடையை வெறும் சொல்லை நம்பி ஒருவர் கொடுக்க ஒப்பியிருப்பாரா? பிணை முதலில்; கடை பின்னர். வழக்கில் பிரெஸ்டன் வென்றார்.

அவருடைய முடிபுகள் எல்லாம் நிலைத்தன என்று கூறமாட்டேன். வணிகர் எழுத்தில் தந்த வாக்குறுதிக்குக் கைம்மாறு இல்லாவிடினும் அது செல்லும் என்று அவர் 1765இல் கொண்ட கருத்தை, 1778இல் மேல்மன்றம் ஏற்கவில்லை. அதனினும் நெஞ்சை உறுத்துவது ஒன்று உண்டு. 1781இல் சோங் என்னும் கப்பலில் 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளைக் கடலில் எறிந்து கொன்றுவிட்டு, இழந்த சரக்கிற்கு ஈடு என்று காப்புறுதிப் பணம் கேட்டனர் கப்பல் உடையவர்கள். 1783இல் மான்ஸ்பீல்டு மறுவிசாரணைக்கு ஆணையிட்டார். ஆனால் வழக்கு சரக்கு வழக்காகவே நடந்தது. கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. 1772இல் சாமர்செட் என்னும் அடிமையை விடுவித்துப் புகழ்பெற்றவர் இவரே. ஆப்பிரிக்கத் தாய்க்குப் பிறந்த டைடோ பெல் என்னும் பெண்ணைத் தம் வீட்டில் வளர்த்து, அவளுடைய உரிமை வாழ்வைத் தம் உயிலில் உறுதிசெய்தவரும் இவரே. எதனை விற்கலாம், எதனை விற்கலாகாது என்ற கேள்விக்கு வணிகச் சட்டத்திடம் விடையில்லை. அதை மனிதர்தாம் முதலில் தீர்க்க வேண்டும்.

1780இல் லண்டனில் மதக்கலகம் மூண்டது. கத்தோலிக்கரிடம் பரிவுடையவர் என்று கருதி, கலகக்காரர் அவர் வீட்டைக் கொளுத்தினர். வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் கையெழுத்துக் குறிப்புகளும் சாம்பலாயின. கலகத்தைத் தூண்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஜார்ஜ் கார்டன் பிரபு, மறு ஆண்டு மான்ஸ்பீல்டு தலைமை தாங்கிய மன்றத்திலேயே விசாரிக்கப்பட்டு விடுதலையும் ஆனார். 1793இல், 88ஆம் வயதில் மான்ஸ்பீல்டு மறைந்தார்; வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் கண்ட விதி கடல் கடந்து நம்மிடமும் வந்தது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 51ஆம் பிரிவு முதல் 54ஆம் பிரிவு வரை படித்துப் பாருங்கள்; பட்டுக்கடை வழக்கின் சாயல் தெரியும். ஒரே வேளையில் நிறைவேற வேண்டிய வாக்குறுதிகளில், மற்றவன் தன் பங்கைச் செய்ய ஆயத்தமாகவும் விருப்பமாகவும் இராவிட்டால், நீயும் செய்ய வேண்டியதில்லை.

1932ஆம் ஆண்டின் கூட்டு வாணிகச் சட்டத்தையும் நண்பர் விளக்கினார். எழுத்தில்லாத கூட்டும் கூட்டே. வேறு பேச்சு இல்லையெனில் இலாபமும் நட்டமும் சமபங்கு. கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் நேர்மையாக நடந்து, உண்மைக் கணக்குக் காட்ட வேண்டும். கடை கலையும்போது வெளிக்கடன் முதலில். பிறகு கூட்டாளிகள் முதலுக்கு மேல் கொடுத்த பணம். பிறகு அவரவர் முதல். எஞ்சியது இலாப விகிதப்படி. பதிவு செய்யாத கூட்டுக்கு வழக்காடும் உரிமை பெரிதும் குறுகிவிடும். எனினும் கலைக்கவும் கணக்குக் கேட்கவும் வழி அடைபடாது.

அன்றிரவு தந்தையாரிடம் பட்டுக்கடைக் கதையைச் சொன்னேன். பிணை கேட்பது நண்பனை ஐயுறுவது ஆகாது. நட்புக்கு வேலி போடுவதாகும் என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்ற பழமொழியை அவரே பிறகு நினைவுகூர்ந்தார். இருவரும் நம்பும் கணக்கர் ஒருவர் சரக்கை எண்ணி மதிப்பிட்டார். பத்திரம் எழுதப்பட்டது. முதல் தவணைப் பணமும், சித்தப்பாவின் தமையனாரது ஜாமீனும், கடைச் சாவியும் ஒரே நாளில், ஒரே மேசை மேல் கைமாறின.

மாதத் தவணை தவறாமல் வருகிறது. சித்தப்பா இந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டிற்கு வரவில்லை. ஆனால் கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் இருவரும் நின்று நலம் விசாரிக்கிறார்கள். போன நட்பைச் சட்டம் மீட்டுத் தராது. அது பகையாக முற்றாமல் தடுக்கும். அதுவும் சிறிய உதவியன்று.

நண்பர்களே, நம் விடுதியிலும் இருவர் மூவர் கூடித் தொழில் தொடங்கப்போவதாக இரவெல்லாம் பேசுகிறார்கள். நல்லது, தொடங்குங்கள்! ஆனால் யார் எவ்வளவு போடுகிறார், யார் எதைச் செய்கிறார், பிரிய நேர்ந்தால் எவ்வாறு பிரிவது என்பதை அரைப் பக்கமாவது எழுதிக் கையொப்பமிட்டு, முறைப்படி பதிவும் செய்துகொள்ளுங்கள். மனம் இனிதாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள். கசந்த பின் எழுதுவது கடினம்.